மியூசியத்துக்குத் தைத்த சட்டை

மெல்பேர்னில் நாங்கள் இருக்கும் கிரான்பர்னிலிருந்து பெருந்தெருவில் ஒரு மணித்தியாலம் போனால் ஒரு சின்ன ஊர் வரும். அந்த ஊர் மியூசியத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் குழந்தைச் சட்டை ஒன்று இருக்கிறது. வெள்ளைப் பருத்தித் துணி, நெஞ்சுப் பக்கம் முழுக்க ஸ்மொக்கிங் என்கிற மடிப்புத் தையல் வேலை. பக்கத்தில் வைத்திருக்கும் அட்டையில், பழைய சட்டை ஒன்றின் மாதிரி, தொண்டர் ஒருவர் தைத்தது என்று இங்கிலிஷில் எழுதியிருக்கும். அந்தத் தொண்டர் நான்தான். என் பேத்தி அந்தச் சட்டையோடுதான் மண்ணுக்குள் போயிருக்க வேண்டும். போகவில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. ஓ.லெவல் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. சண்டை தொடங்கிக் கொழும்புக்கு வந்த பிறகு, வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்பக்கத்தில் பெண்கள் கூடியிருந்து வெளிநாட்டுக்குப் போகும் குழந்தைச் சட்டைகளுக்கு ஸ்மொக்கிங் போடுவார்கள். நானும் போய்ச் சேர்ந்தேன். துணியின் பின்பக்கத்தில் வரிசை வரிசையாகப் புள்ளி வைத்து, புள்ளிகளின் மேல் நூலோட்டி, எல்லா நூலையும் சேர்த்து இழுத்தால் துணி சின்னச் சின்ன மடிப்பாகச் சுருங்கி வரும். அந்த மடிப்புகளைப் பிடித்துப் பிடித்து மேலே தையல் போட வேண்டும். தேன்கூடு மாதிரி, கயிறு மாதிரி, அலை மாதிரி என்று பல விதம் உண்டு. எல்லாம் முடிந்ததும் முதலில் ஓட்டிய நூலை உருவிவிடுவோம். மடிப்பு குலையாது, ஆனால் இழுத்தால் விரியும். குழந்தை கொழுக்கக் கொழுக்கச் சட்டையும் கூடவே விரிந்து கொடுக்கும். அதற்காகத்தான் அந்த வேலை.

மெல்பேர்னுக்கு வந்த பிறகு பல வருடம் ஊசியைத் தொடவில்லை. இங்கிலிஷ் வகுப்பில் ஒருநாள் எங்களைப் பஸ்ஸில் ஏற்றி அந்த மியூசியத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் கலப்பையையும் பால் கறக்கும் இயந்திரத்தையும் பார்த்துக்கொண்டிருக்க, நான் சுவரில் தொங்கின ஒரு சட்டைக்கு முன்னால் நின்றுவிட்டேன். பண்ணை வேலைக்காரன் ஒருவன் அந்தக் காலத்தில் போட்ட தடித்த நூல் சட்டை. நெஞ்சிலும் கையிலும் அதே ஸ்மொக்கிங். மாடு மேய்க்கிறவனுக்கும் இந்த வேலைதான், மாளிகைப் பிள்ளைக்கும் இந்த வேலைதான் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது. மியூசியத்தில் உடுப்புகளுக்குப் பொறுப்பான வெள்ளைக்கார அம்மா பக்கத்தில் வந்து, உனக்கு இது தெரியுமா என்று கேட்டா. கையால் செய்து காட்டினேன். வியாழக்கிழமைகளில் வந்து உதவி செய்ய முடியுமா என்றா. வெள்ளைக்காரர்கள் பேசினதை எனக்கு விளங்கின மாதிரித்தான் இங்கே எழுதுகிறேன்.

என் கணவர் அப்போது பேக்கரியிலிருந்து பாண் ஏற்றும் வான் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்துக் கடைகளுக்குப் போகிற வழியில் என்னை இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போது ஏற்றிக்கொள்ளுவார்.

முதல் நாளே அந்த அம்மா என் நெற்றியைப் பார்த்துவிட்டு, "அது தூளா? கொட்டுமா?" என்று கேட்டா. குற்றமாகக் கேட்கவில்லை. பழைய துணியில் எந்தத் தூளும் விழக் கூடாதாம். கை கழுவ வேண்டும், மோதிரம் கழற்ற வேண்டும், பேனை கொண்டு போகக் கூடாது, பென்சில்தான். அன்றிலிருந்து வானுக்குள் இருந்த கண்ணாடியைப் பார்த்துத் திருநீற்றைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன். நினைவு தெரிந்த நாளிலிருந்து வெறும் நெற்றியோடு வெளியே போகாதவள் நான்.

"என்ன, முருகனையும் வாசலில நிப்பாட்டிப்போட்டோ போறீர்?" என்று இவர் நக்கலடிப்பார்.

"முருகன் உள்ளுக்கு வருவார். சாம்பல்தான் வெளியில நிக்கும்."

"அப்ப அவருக்கும் கை கழுவச் சொல்லும்."

அப்படிச் சிரித்துக்கொண்டுதான் போய் வந்தேன். அந்த அம்மா நல்லவ. மிருதுவான தாளில் உடுப்புகளைச் சுற்றி வைப்பதையும், மடிக்கிற இடத்தில் தாளை உருட்டிக் கொடுத்தால் துணி வெடிக்காது என்பதையும் அவதான் சொல்லித் தந்தா. மத்தியானம் பிஸ்கட்டும் தேத்தண்ணியும் தருவா. என் பெயரைச் சரியாகச் சொல்லப் பலநாள் பாடுபட்டா.

அங்கே ஒரு பெட்டிக்குள் பழைய குழந்தைச் சட்டை ஒன்று இருந்தது. தேவாலயத்தில் பெயர் வைக்கிற அன்று போட்டதாம். மடிப்புகள் இற்றுப்போய், தூக்கினால் கிழியும். வெளிச்சமே படக் கூடாது. அதை இருட்டில் வைத்துவிட்டு, மக்கள் பார்க்க அதேபோல் ஒன்று தைத்துத் தருவாயா என்று மியூசியக் கமிட்டி கேட்டது. சந்தோசமாக ஓம் என்றேன்.

அந்த நேரம் என் மகள் வயிற்றில் பிள்ளை. கலியாணம் முடித்து நெடுநாள் காத்திருந்து, கோயில் கோயிலாக நான் நேர்த்தி வைத்து வந்த பிள்ளை.

எங்கள் ஆட்களில் பிறக்கப் போகும் பிள்ளைக்கு முன்கூட்டி எதுவும் வாங்க மாட்டோம், தைக்க மாட்டோம். பிறந்த பிறகுதான் எல்லாம். நான் அதை நம்புகிறவள். சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் இருக்கும் சம்பந்தியம்மா என்னைவிடக் கெட்டியாக நம்புகிறவ. அங்கேயிருந்து டெலிபோன் கோல் எடுத்து, "ஒண்டும் வாங்கிப் போடாதேங்கோ" என்று ஒவ்வொரு முறையும் நினைவூட்டுவா. மகள் தொட்டில் வாங்கிவிட்டாள். மாமியாருக்குப் பயந்து அதை ஒரு சிநேகிதியின் கராஜுக்குள் ஒளித்து வைத்திருந்தாள். இங்கே வளர்ந்த பிள்ளை, அவளோடு வேலை செய்கிறவர்கள் பிள்ளை பிறக்க முதலே அறைக்கு நிறம் அடித்து முடிக்கிறார்கள். அவளுக்கும் ஆசைதானே.

ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தபோது மேசையில் அந்தச் சட்டை கிடந்தது. தையல் முடிந்து, ஓட்டிய நூலையும் உருவியிருந்தேன்.

"அம்மா, இது ஆருக்கு?"

"மியூசியத்துக்கு."

"ஏன், மியூசியத்துக்குப் பேபி பிறக்கப் போகுதோ?"

சிரித்துக்கொண்டே எடுத்துத் தன் வயிற்றின் மேல் விரித்துப் பிடித்தாள். பறித்து எடுத்தேன்.

"வயித்தில வைக்காதை. உன்ர பிள்ளை பிறந்தாப் பிறகு இதைவிட வடிவாத் தைச்சுத் தாறன்."

"எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு."

"இது அவையின்ர பிள்ளையின்ர சட்டை. அளவும் அவையின்ர அளவு."

"அளவு என்னம்மா, எல்லா பேபியும் ஒரே சைஸ்தானே," என்றாள். முகம் கொஞ்சம் வாடித்தான் போனது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அவளைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வியாழக்கிழமை சட்டையைக் கொண்டு போய்க் கொடுத்தேன். அவர்கள் முறைப்படி, கொடுத்துவிட்டேன், இனி எனக்கு உரிமையில்லை என்று கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தேன். பிறகு ஒரு நாடாத் துண்டில் நம்பர் எழுதி உடுப்பின் உட்புறம் தைப்பார்கள். நம்பர் விழுந்தால் அது மியூசியத்தின் சொத்து. அந்த நாடாவையும் என்னிடமே தந்து தைக்கச் சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்களிலிருந்து ஒருத்தி செய்தது இவர்களுடைய ஊரில் கண்ணாடிக்குள் இருக்கப் போகிறது என்று கோயிலில் நாலு பேருக்குச் சொன்னேன்.

மாதம் நிறைகிற சமயத்தில் ஒரு காலைநேரம் மகள் கோல் எடுத்தாள். "அம்மா, பிள்ளை அசையேல்லை."

ஆஸ்பத்திரியில் ஸ்கான் பண்ணிப் பார்த்தார்கள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஆனாலும் அவள் நோப்பட்டுத்தான் பெற வேண்டியிருந்தது. பெற்றாள். பெண்பிள்ளை. தலை நிறைய மயிர். நித்திரையில் இருக்கிற மாதிரி. வைத்திருக்கத் தந்தார்கள். நான் வாங்கி வைத்திருந்தேன். அதற்குமேல் அந்த அறையைப் பற்றி எழுத எனக்கு இயலாது.

எங்களில் பச்சைப்பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். மருமகன் அலைந்து திரிந்து அதற்கு ஒழுங்கு செய்தார். மறுநாள் கழிய அடக்கம் என்று முடிவாகியது. உடுத்திவிட எங்களிடம் ஒன்றும் இல்லை. ஒரு துண்டுத் துணி இல்லை. முன்கூட்டி எதுவும் செய்யக் கூடாது என்று நானும் சம்பந்தியும் காவல் இருந்தோமே, அந்தக் காவலின் பலன் இதுதான். நேர்ஸ் பெண் ஒரு கூடையைக் கொண்டு வந்து வைத்தாள். இப்படிப் பிறக்கும் பிள்ளைகளுக்கென்று யாரோ தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன உடுப்புகள். மகள் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா, நீங்க தைச்ச அந்தச் சட்டை."

"புதுசா ஒண்டு..." என்று தொடங்கினேன். என் கை அப்போது ஊசிக்கு நூல் கோக்கிற நிலையில் இல்லை. கை ஓடினாலும் ஸ்மொக்கிங் அவசரத்துக்கு வராது.

"புதுசு வேண்டாம். அது. நீங்கள் என்ர வயித்தில இருந்து எடுத்தது."

"கொண்டு வாறன் பிள்ளை," என்றேன். பெற்றவள் சொன்ன சொல்.

மியூசியம் அன்று பூட்டு. உடுப்புப் பொறுப்பு அம்மாவுக்குக் கோல் எடுத்து விசயத்தைச் சொல்லிவிட்டு நானும் இவரும் போனோம். எங்களுக்கு முன்பே வந்து கதவைத் திறந்து வைத்திருந்தா. என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதா. அழுது முடித்து, "என்னால் தனியாகத் தர முடியாது, நம்பர் போட்டாயிற்று, கமிட்டித் தலைவரைக் கேட்க வேண்டும்," என்றா. தலைவருக்கு எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தொலைபேசியை மேசையில் வைத்தா.

தலைவர் முன்பு எங்கோ அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். குரலில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மிகவும் வருந்துவதாகச் சொன்னார். பிறகு கேட்டார், "எத்தனை நாளைக்குத் தேவைப்படும்?"

அவருக்கு விளங்கவில்லை. இரவல் கேட்கிறோம் என்று நினைத்துவிட்டார். நான் சொல்ல வேண்டி வந்தது. "அது திரும்பி வராது. மண்ணுக்குள் போகும்."

பிறகு சொன்னார், சேகரிப்பில் சேர்ந்த பொருளை வெளியே விட அவருக்கு அதிகாரமில்லை. கமிட்டி கூடித் தீர்மானிக்க வேண்டும். கூட்டம் மாதக் கடைசியில். இன்று ஒருவருக்குத் திருப்பிக் கொடுத்தால், தாயின் உடுப்பைத் தந்தவர்கள், தகப்பனின் பதக்கத்தைத் தந்தவர்கள் எல்லாரும் நாளைக்கு வந்து கேட்பார்கள். அது நியாயம்தான். அவர் ஏதாவது அநியாயம் சொல்லியிருந்தால் அவரைத் திட்டிவிட்டாவது நான் ஆறியிருப்பேன்.

தொலைபேசியை வைத்த பிறகு அந்த அம்மா எழும்பிப் போய்க் கண்ணாடிப் பெட்டியின் பூட்டைத் திறந்தா. மூடியையும் தூக்கி வைத்தா. பூட்டுத் திறப்பை மேலே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சொன்னா, "நான் தேத்தண்ணி போடப் போகிறேன். கேத்தில் பழசு, தண்ணி கொதிக்க நேரமெடுக்கும். திரும்பி வந்ததும் பெட்டிக்குள் பார்க்காமலே பூட்டிவிடுவேன். சரியா?"

என்ன சொல்கிறா என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. அவ குசினிப் பக்கம் போய்விட்டா.

"எடும்," என்றார் இவர்.

நான் எடுக்கவில்லை.

"இஞ்சேரும், அவ தாறா. எடும், போவம்."

"அவ தரேல்லை. அவ பாக்காமல் இருக்கிறன் எண்டு சொல்லுறா. அது வேற."

"உம்மட கையால தைச்சது உமக்குக் களவோ?"

"கையெழுத்து வைச்சுக் குடுத்தனான். குடுத்ததை ஆளில்லாத நேரம் எடுத்தா அதுக்கு என்ன பேர்?"

"கையெழுத்து, மண்ணாங்கட்டி. மகள் அங்க பாத்துக்கொண்டு இருக்கிறாள்."

"அந்தச் சீவன் களவெடுத்த உடுப்போட கடவுளிட்டப் போகப்படாது."

இவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "பச்சை மண்ணுக்கு என்ன களவு, என்ன புண்ணியம்? கடவுள் நம்பர் பாத்தோ உள்ளுக்கு விடுறவர்?"

நான் கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கேட்டேன். முருகா, நான் என்ன செய்ய? எனக்கு வந்த பதில் நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த பதில்தான். பிறர் பொருளில் கை வையாதே. சட்டை எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. என் கை மடியிலேயே இருந்தது. இவர் எழும்பித் தானே எடுக்கப் போனார். "உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்," என்றேன். நின்றுவிட்டார். அதற்குப் பிறகு என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா தட்டோடு வந்தா. பார்க்க மாட்டேன் என்றவ பார்த்துவிட்டா. சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அவவின் முகம் விழுந்து போனது. எடுத்திருக்க வேண்டும் என்றுதான் அவவும் நினைத்தா. பூட்டினா. கொண்டு வந்த தேத்தண்ணியை எங்களுக்குத் தந்தா. குடிக்காவிட்டால் மரியாதையில்லை என்று நான் அதையும் குடித்தேன்.

ஆஸ்பத்திரி அறைக்குள் கால் வைத்ததுமே மகள் என் கையைத்தான் பார்த்தாள்.

"கொண்டு வந்தனீங்களோ?"

"அவை தரேல்லைப் பிள்ளை. கமிட்டி கூட வேணுமாம்."

"ஓகே," என்றாள்.

அந்த ஒரு சொல்தான். அழுதிருந்தால், கத்தியிருந்தால் நல்லது. மருமகன் கூடையிலிருந்து ஒன்றை எடுத்துத் தந்தார். யாரோ ஒரு பெண் தன் கலியாண உடுப்பை வெட்டித் தைத்தது போலிருந்தது, பளபளவென்று வழுக்குகிற துணி. பிள்ளைக்குப் பெரிது. பின்பக்கம் கொய்து, ஊசியால் பிடித்து, நான்தான் உடுத்திவிட்டேன். நெற்றியில் திருநீறு பூசினேன். சின்னப் பெட்டி. ஐயர் சுருக்கமாகச் செய்து முடித்தார். அன்று காற்று கடுமையாக அடித்து, வைத்த பூவையெல்லாம் கொண்டு போனது.

சம்பந்தியம்மா சிட்னியிலிருந்து வந்திருந்தா. யாரோ சட்டைக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். சாப்பாட்டு நேரம் எல்லாருக்கும் கேட்கச் சொன்னா, "வயித்தில பிள்ளை இருக்கேக்க பேபிச் சட்டை தைச்சா வேற என்ன நடக்கும்? மியூசியத்துக்கெண்டால் என்ன, சட்டை சட்டைதானே." தைத்தது குற்றம் என்கிறா அவ. தைத்ததைக் கொண்டு வராதது குற்றம் என்று பேசாமல் இருக்கிறாள் மகள். இரண்டுக்கும் நடுவில் நான் சோறு பரிமாறிக்கொண்டிருந்தேன்.

மாதக் கடைசியில் கமிட்டி கூடியது. உடுப்புப் பொறுப்பு அம்மா கோல் எடுத்தா. எல்லாரும் ஒரே மனதாகச் சம்மதித்துவிட்டார்களாம், சட்டையை என்னிடமே தந்துவிடுவார்களாம், தானே வீட்டுக்குக் கொண்டு வந்து தரட்டுமா என்று கேட்டா. மகளைக் கேட்டேன்.

"இனி ஆருக்கு?" என்றாள்.

அதனால் அது அங்கேயே இருக்கிறது. நான் பிறகு அங்கே போகவில்லை. அந்த அம்மா இரண்டு மூன்று தரம் எடுத்துப் பேசினா. பிறகு அவவும் விட்டுவிட்டா. அவவில் எனக்குக் கோபமில்லை. அவவைப் பார்த்தால் அந்தத் திறந்த பெட்டிதான் எனக்குத் தெரியும், அதனால்தான் போவதில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். தகப்பனோடு கதைப்பாள், கிரிக்கெட் பார்ப்பாள். என்னோடும் கதைப்பாள், ஒரு மரியாதைக் குறைவும் இல்லை. வெளியாட்களோடு கதைக்கிற மாதிரி இருக்கும். அப்படியே நாள் போய்க்கொண்டிருந்தது. போன ஞாயிறு குசினியில் நான் புட்டு அவித்துக்கொண்டு நிற்க, பின்னால் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

"அம்மா, அந்த லேடி பெட்டியைத் திறந்து வச்சிட்டுப் போனவவாமே. அப்பா சொன்னவர்."

இவர் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். நான் அடுப்பைக் குறைத்தேன்.

"ஓம்."

"நீங்க எடுக்கேல்லை."

"களவு பிள்ளை. களவெடுத்ததைப் போட்டு அனுப்ப எனக்கு மனம் வரேல்லை. முருகனைக் கேட்டுத்தான்..."

"முருகனைக் கேட்டனீங்க. என்னைக் கேக்கேல்லை." சத்தம் போடவில்லை அவள். "என்ர பிள்ளை. ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். எடுங்கோ எண்டு சொல்லியிருப்பன். பாவம் வந்தா அந்தப் பாவத்தை நான் எடுத்திருப்பன், அம்மா. உங்களுக்கு வந்திராது."

புட்டும் சம்பலும் போட்டுக் கொடுத்தேன். மேசையில் இருந்து சாப்பிட்டாள். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "போட்டு வாறன்," என்று தகப்பனுக்கும் எனக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் கார் போன பிறகு சாமியறைக்குப் போய் விளக்கேற்றினேன். பிறர் பொருளை எடுப்பது களவுதான், இன்றைக்கும் நான் அப்படித்தான் நினைக்கிறேன். அதில் மாற்றமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தக் கேத்தில் கொதிக்க நெடுநேரம் எடுத்தது. என் தொலைபேசி மடியில் வைத்திருந்த கைப்பைக்குள்தான் இருந்தது.